சோபட்மாவும் கிரேக்க நாடக ஏடும்

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்தில் வாழ்ந்த கிரேக்க வணிகர் ஒருவர் செங்கடலிலிருந்து கங்கை முகம் வரையுள்ள துறைகளையும் சரக்குகளையும் எழுதிவைத்தார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. நூல் ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்’ என்ற பெயரில் நிலைத்திருக்கிறது. நம் கிழக்குக் கரைக்கு வரும்போது அது மூன்று துறைகளை வரிசையாகச் சொல்கிறது: கமரா, பொதுகே, சோபட்மா. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடு என்றும் கொள்வது வழக்கம். சோபட்மாவை மரக்காணம் என்று கொள்வோர் பலர். ‘சோ’ என்றாலும் ‘எயில்’ என்றாலும் மதில்தான். ஆகவே சோபட்டினமும் சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினமும் ஒன்றே என்பது அவர்கள் வாதம். அசைக்க முடியாத சான்று என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்நூலின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டில் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் என்ற ஊரும் அடங்கும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், மரக்காணமே பொருந்தி வருகிறது.

கிரேக்க வணிகர் இந்தத் துறைகளில் கவனித்தது கலங்களை. கரையோரமாகவே ஓடும் உள்ளூர்ப் படகுகள், பெருமரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’, கங்கைக்கும் பொன் நாட்டுக்கும் போகும் மிகப் பெரிய ‘கொலாந்தியோபொந்தா’ என்று மூன்று வகை சொல்கிறார். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் அதே கரையை வேறு கண்ணால் பார்க்கிறார். அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவதுபோல் அவர் எயிற்பட்டினத்து மணலில் கிடக்கின்றன. கப்பலேறி வரும் விலையுயர்ந்த சரக்கு அது. நுளையர் வீட்டில் அதுவே அடுப்பெரிக்கும் விறகு. அவர்கள் வடித்த தேறலும் சுட்ட மீனும் பாணனுக்கு விருந்தாகின்றன. இன்று உப்புப் பாத்திகளும் கழுவெளி ஏரியும் சூழ்ந்திருக்கும் ஊரின் வாசலில், ஒரு காலத்தில் உலகச் சந்தை வந்து நின்றிருக்கிறது.

மேலை உலகோடு இந்தக் கரைக்கு இருந்த தொடர்பை ஆராயும் துறை பெரும்பாலும் பானை ஓடுகளை எண்ணியே வளர்ந்தது. மரக்காணத்திலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரிக்கமேட்டின் சிறப்பை 1937இல் ழூவோ-துப்ரேய் உணர்ந்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி, இத்தாலிய அரெட்டைன் கலங்களைக் கொண்டு காலம் கணித்தார். அடுத்து கஸால். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. வீலர் மேலைநாட்டுச் சரக்கு என்று எண்ணிய ரூலட் கலங்கள் இந்தியாவிலேயே செய்தவை என்று பெக்லி வாதிட்டதும், அரிக்கமேட்டின் வரலாறு ரோமருக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று காட்டியதும் இத்துறையின் பெரிய திருப்பங்கள். அங்கே கிடைத்த மதுச்சாடித் துண்டுகளில் பல, கிரேக்கத் தீவான கோஸின் சாடி வகையைச் சேர்ந்தவை என்று எலிசபெத் வில் இனங்கண்டார்.

கட்டடக்கலையில் சொல்லக் கொஞ்சமே உண்டு. மேற்குக் கரையின் முசிறித் துறைக்கு அருகே அகஸ்டஸ் கோயில் ஒன்றைப் பழைய ரோமச் சாலைப் படமான பியூட்டிங்கர் வரைபடம் குறிக்கிறது. அது ரோமப் பேரரசனுக்கானது. கிரேக்கத் தூண் வரிசை எதுவும் நம் கரையில் எழவில்லை. புராணம் மட்டும் பெயராக வந்திருக்கிறது: வியன்னாவிலுள்ள முசிறி ஒப்பந்த ஏட்டில் வரும் கப்பலின் பெயர் ஹெர்மப்போல்லோன். ஹெர்மஸ், அப்போல்லோ என்ற இரு தெய்வங்களையும் ஒன்றாகச் சுமந்த கப்பல் அது.

நாடகத்தில்தான் விஷயம் கனிகிறது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பை மேடுகளில் கிடைத்து, 1903இல் கிரென்ஃபெல்லும் ஹண்டும் பதிப்பித்த 413ஆம் எண் ஏடு ஒரு கிரேக்கக் கேலிநாடகம். கதை நடப்பது இந்தியக் கடற்கரையில். கரிதியோன் என்ற கிரேக்கப் பெண் ஒரு தெய்வத்தின் கோயிலில் சிறைப்பட்டிருக்கிறாள். அவள் சகோதரன் கப்பலோடு வருகிறான். இந்திய அரசனுக்கும் கூட்டத்தாருக்கும் தண்ணீர் கலக்காத மதுவைக் கொடுத்து மயக்கி, அரசனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தப்புகிறார்கள். யூரிபிடீஸின் ‘தௌரியரிடையே இஃபிஜெனியா’வைத் தழுவிய கதை என்பது படித்தவுடனே தெரியும். நாடகத்தின் கோமாளி, கோயில் பொருளைத் திருடிக்கொண்டு போகலாம் என்கிறான், கரிதியோன் மறுக்கிறாள். தெய்வத்துக்குப் பிழை செய்துவிட்டு அதே தெய்வத்திடம் காப்பு கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. கேலிக்கு நடுவே அந்த ஒரு இடம் என்னை நிறுத்திவிடுகிறது.

இந்தியர்கள் பேசும் வசனம் கன்னடம் என்று 1904இல் ஹுல்ட்ஷ் சொன்னார்; துளு என்றவர்களும் உண்டு; வெறும் ஒலிக்கோவை என்பவர்களும் உண்டு. நூறாண்டுக்கு மேல் இந்த ஏட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியையே சுற்றுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது மது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் வாழ்த்தாகப் பாடுகிறார். அரிக்கமேட்டுச் சாடியில் வந்ததும், நக்கீரர் வாழ்த்தியதும், கிரேக்க மேடையில் இந்தியனை வீழ்த்தியதும் ஒரே சரக்கு. வணிகம் அவர்களுடைய நாடகத்தில் எப்படிக் கதையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது.

கிரேக்கரிடமிருந்தே இந்திய நாடகம் பிறந்தது என்று 19ஆம் நூற்றாண்டில் வேபரும் விண்டிஷும் எழுதினார்கள். 1890இல் சில்வேன் லெவி அதை மறுத்தார். அந்த வழக்கை மீண்டும் கிளறுவதில் பயனில்லை. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை விட்டுவிட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு ஏற்ற மண், மரக்காணமும் செஞ்சியும் அடங்கிய விழுப்புரம் மாவட்டம். திரௌபதி அம்மன் வழிபாட்டின் நடுப்பகுதி செஞ்சிதான் என்று ஆல்ஃப் ஹில்டெபைடல் 1988இலும் 1991இலும் வெளிவந்த இரு தொகுதிகளில் விரிவாக நிறுவினார். ரிச்சர்ட் ஃப்ராஸ்கா 1990இல் பாரதக் கூத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

திரௌபதி அம்மன் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து என்று நாள்கள் நகர்ந்து, கடைசியில் படுகளம் வருகிறது. திறந்த வெளியில் துரியோதனன் மண்ணால் பெரிய உருவமாகப் படுத்திருக்கிறான். வீமன் வேடக்காரர் தொடையில் அடிக்கிறார். அங்கே புதைத்து வைத்த செந்நீர் வழிகிறது. திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். பிறகு தீமிதி. ஏதென்ஸிலும் டயோனிசஸ் சிலையை ஊர்வலமாகக் கொண்டுவந்து, அந்தத் தெய்வத்தின் முன்னிலையில்தான் துன்பியல் நாடகங்கள் நடந்தன. பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். ஆனால் அங்கே கொலை பெரும்பாலும் மேடைக்குப் பின்னால் நடக்கும். தூதன் வந்து சொல்லுவான். இங்கே ஊரே களத்தைச் சுற்றி நின்று பார்க்கிறது. இந்த வேறுபாடு ஒற்றுமைகளைவிடப் பெரியது என்று நினைக்கிறேன்.

கிரேக்க நாடகத்தில் நமக்கு மிஞ்சியது எழுத்து. ஈஸ்கிலஸ், சோஃபக்ளீஸ் பெயரில் ஏழேழு நாடகங்கள் முழுதாக உள்ளன. ஆட்டமும் அடவும் போய்விட்டன, இசையில் சில துணுக்குகளே எஞ்சின. கரிதியோன் ஏட்டிலோ வசனத்துக்கு இடையே தாளக்கருவிகள் ஒலிக்க வேண்டிய இடங்களுக்குக் குறிகள் இருக்கின்றன. அவற்றை மொழியறிஞர் மட்டும் படித்தால் போதாது. கூத்தில் திரைக்கு முன்னால் நின்று அரசனையே சீண்டிப் பேசும் கட்டியங்காரனுக்கு, வசனம் முடியும் அந்த நொடியில் அடி கொடுத்துப் பழகிய மிருதங்கக்காரர் இந்த மாவட்டத்தில் இருக்கிறார். அந்த ஏட்டின் தமிழாக்கத்தை அவர் முன்னாலும் முகவீணைக்காரர் முன்னாலும் வைத்து, குறி விழும் இடங்களில் என்ன வாசிப்பீர்கள் என்று கேட்க வேண்டும். கோமாளியின் பகுதியைக் கட்டியங்காரன் கட்டுபவரிடமே கொடுக்க வேண்டும்.