உருகிய சிலிக்கேற்றுக்களின் பரப்பிழுவிசை: கூட்டற் கணக்கின் எல்லை

உலோகத் தொழிலிற் கசடு என்பது வெறுங் கழிவன்று. உருகிய இரும்பின்மீது மிதக்கும் இச்சிலிக்கேற்றுத் திரவம் இரும்பின் மாசுகளை ஏற்கின்றது. வாயுக்கள் ஊடறுத்தெழும்போது நுரைக்கின்றது. உலைச்சுவரின் நுண்டுளைகளிற் புகுந்து கற்களை அரிக்கின்றது. இவை யாவற்றினும் பரப்பிழுவிசைக்குப் பங்குண்டு. 1500 பாகை வெப்பத்தில் அதனை அளத்தல் எளிதன்று. ஆதலின் கணித்தறியும் வழியை அறிஞர் நாடியமை இயல்பே.

1956ஆம் ஆண்டிற் பொனி, டேர்ஜ் என்போர் வெளியிட்ட கட்டுரை அத்தகையதொரு வழியைக் காட்டிற்று. ஒவ்வோர் ஒட்சைட்டிற்கும் ஓர் எண் உண்டு. அதனை அவ்வொட்சைட்டின் மூல் பின்னத்தாற் பெருக்கி, வந்தவற்றைக் கூட்டினால் விடை கிடைக்கும். உருகிய சிலிக்காவின் பரப்பிழுவிசை மீற்றருக்கு ஏறத்தாழ 300 மில்லிநியூற்றன். சுண்ணாம்பு சேரச்சேர அது 400ஐயும் கடக்கின்றது. இத்தகைய எளிய கசடுகளுக்குக் கூட்டற் கணக்கு நன்கு பொருந்துகின்றது. அதன் சிறப்பும் இதுவே.

ஆயினும், இம்முறை திரவத்தின் உள்ளகத்து விகிதத்தைக் கொண்டே மேற்பரப்பை மதிப்பிடுகின்றது. பொசுபரசின் ஒட்சைட்டு, போரனின் ஒட்சைட்டு முதலியனவோ மேற்பரப்பை நாடிச் செறிவன. அவை சிறிதளவு சேரினும் பரப்பிழுவிசை பெரிதுங் குறையும். பரப்பில் திரளும் பொருளை உள்ளகத்தின் அளவால் எடைபோடுதல் எங்ஙனம் பொருந்தும்? 1987ஆம் ஆண்டில் மில்சு, கீன் என்போர் இத்தகைய ஒட்சைட்டுக்களை வேறு பிரித்துக் கணித்தமை இக்குறையை வெளிப்படுத்தும்.

கூட்டற் கணக்கு காரணத்தையும் உரைப்பதன்று. வெப்பம் ஏறப் பொதுவாகத் திரவங்களின் பரப்பிழுவிசை குறையும்; சிலிக்கா மிகுந்த உருகல்களிலோ அது கூடும். வெப்பத்தாற் பெரிய சிலிக்கேற்று அயன்கள் சிதைந்து சிறியனவாதலே இதற்குக் காரணமெனக் கிங் என்பார் 1951ஆம் ஆண்டிலேயே விளக்கினார். காலத்தால் முந்திய அக்கட்டுரையே கருத்தால் ஆழமானது.

இது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. மின்வில்லுலையில் வில்லை மூடிச் சுவரைக் காத்தற்கெனக் கசடு வேண்டுமென்றே நுரைக்கச் செய்யப்படுகின்றது. ஒட்சிசன் ஊதும் உலையிலோ நுரை பொங்கி வழிதல் கேடாகும். நுரை நிலைத்தற்குப் பாகுநிலையோடு மேற்பரப்பிற் செறியும் பொருள்களும் காரணமாவன. எனவே, கணக்கு எங்கே பெரிதும் வேண்டப்படுகின்றதோ அங்கேயே அது பெரிதும் தவறுகின்றது.

பொனி, டேர்ஜ் ஆகியோரின் அட்டவணை தள்ளத்தக்கதன்று. முதன் மதிப்பீட்டிற்கு அது போதும். கிங்கின் விளக்கத்தை விடுத்து அதனை மட்டும் பயிலும் மாணவர் எண்ணைப் பெறுவர், திரவத்தை அறியார்.