பகைமையைத் தீர்மானிப்பவர் யார்? பாகிஸ்தான் இராணுவம் பற்றிய மூன்று நூல்கள் - ஒரு திறனாய்வு

முன்னுரை

பாகிஸ்தானில் இராணுவம் அரசியலில் மேலோங்கி நிற்பதற்கு இந்தியாவுடனான பகைமையே காரணம் என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கமாகும். அண்டை நாட்டின் மீதான அச்சம் இராணுவத்தை வளர்த்தது. வளர்ந்த இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது என்று அவ்விளக்கம் அமையும். இது கற்பிப்பதற்கு எளிது; ஆயினும் முழுமையானதா என்பது ஆய்வுக்குரியது. இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படும் மூன்று நூல்களை முன்வைத்து அவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்று விளக்கம்

ஆயிஷா ஜலாலின் 'தி ஸ்டேட் ஆஃப் மார்ஷியல் ரூல்' 1990ஆம் ஆண்டில் வெளிவந்தது. விடுதலைக்குப் பிந்திய முதல் பத்தாண்டே இந்நூலின் மையம். பிரிவினையின்போது பிரிட்டிஷ் இந்தியப் படையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாகிஸ்தானுக்குக் கிடைத்தது. நிதிச் சொத்திலோ 17.5 விழுக்காடே கிடைத்தது. வருவாய்க்கு மிஞ்சிய படையைக் காஷ்மீர்ப் போரின் நடுவே தாங்கவேண்டிய நிலை புதிய அரசுக்கு ஏற்பட்டது. இப்பற்றாக்குறையை நிரப்ப அது வெளிநாட்டு உதவியை நாடியது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவுடன் பாதுகாப்பு உதவி உடன்பாடு கையெழுத்தானது. அதே ஆண்டில் தலைமைத் தளபதி அயூப் கான் பதவியிலிருந்தவாறே பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார். அரசியல் கட்சிகள் வேரூன்றும் முன்னரே அதிகாரம் அதிகார வர்க்கத்திடமும் படையிடமும் சென்றது என்பது ஜலாலின் முடிவாகும்.

இராணுவ ஆதிக்கத்தைச் சமயத்தின் மீதோ மக்களின் மனப்பான்மையின் மீதோ சுமத்தாமல், காலத்தோடும் சூழலோடும் பொருத்திக் காட்டியது இந்நூலின் பெருஞ்சிறப்பு எனலாம். ஆயினும், தோற்றத்தை விளக்கும் காரணங்களே தொடர்ச்சியையும் விளக்கும் என்று கொள்வதற்கில்லை. முதல் பத்தாண்டின் பற்றாக்குறை நீங்கிய பின்னரும், 1971ஆம் ஆண்டில் நாடே இரண்டாகப் பிரிந்த பின்னரும் இராணுவம் மீண்டும் மேலெழுந்தது ஏன் என்ற வினா எஞ்சுகிறது.

பொருளியல் விளக்கம்

ஆயிஷா சித்தீக்காவின் 'மிலிட்டரி இன்க்.' (2007) இத்தொடர்ச்சிக்குப் பொருளியல் விடை தருகிறது. ஃபௌஜி அறக்கட்டளை, இராணுவ நல அறக்கட்டளை போன்ற அமைப்புகளின் வழியாக உரம், சிமெண்டு, வங்கி, நிலம் எனப் பல துறைகளில் படையினர் பெற்ற நலன்களை அவர் தொகுத்துக் காட்டுகிறார். பாதுகாப்பு வரவுசெலவுக் கணக்கில் இடம்பெறாத இம்முதலீட்டை அவர் 'மில்பஸ்' என்று குறிப்பிடுகிறார்.

இராணுவம் ஆட்சியை விட்டு விலகிய காலங்களிலும் செல்வாக்கை இழக்காமல் இருந்தமைக்கு இவ்விளக்கம் பெரிதும் பொருந்துகிறது. எனினும், இங்குக் காரணமும் விளைவும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. ஃபௌஜி அறக்கட்டளை 1954ஆம் ஆண்டிலேயே தோன்றியது உண்மைதான். ஆனால், இத்தொழில்கள் பேரளவில் விரிவடைந்தது இராணுவம் அதிகாரத்தில் வேரூன்றிய பின்னரே. ஆகவே, அதிகாரத்தைக் கைவிடத் தயங்குவதற்கு இவை காரணமாகலாம். அதனைக் கைப்பற்றியதற்கு இவற்றையே முதற்காரணமாகக் கொள்ள இயலாது.

பண்பாட்டு விளக்கம்

கிறிஸ்டின் ஃபேரின் 'ஃபைட்டிங் டு தி எண்ட்' (2014) முற்றிலும் வேறான பாதையில் செல்கிறது. பல பத்தாண்டுகளாக இராணுவ அதிகாரிகள் தம் தொழில்சார் இதழ்களில் எழுதியவற்றை அவர் ஆராய்கிறார். பாகிஸ்தான் இராணுவம் பாதுகாப்பை மட்டும் நாடும் அமைப்பன்று. இந்தியாவின் மேலாண்மையை ஏற்க மறுப்பதே அதன் கொள்கை என்பது அவரது வாதம். இதன்படி, காஷ்மீர்ச் சிக்கல் தீர்ந்தாலும் பகைமை தீராது.

இராணுவத்தின் சொந்த எழுத்துகளையே சான்றாகக் கொண்டமை இந்நூலின் வலிமை. அதுவே அதன் குறையும் ஆகிறது. ஓர் அதிகாரி தம் மேலதிகாரிகள் படிக்கும் இதழில் எழுதுவது அந்நிறுவனம் எதனை ஏற்கத்தக்க பேச்சாகக் கருதுகிறது என்பதைக் காட்டும். அந்நிறுவனம் என்ன முடிவெடுக்கும் என்பதை அது காட்டும் என்பதற்கு உறுதியில்லை. சொல்லையும் செயலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இவ்வேறுபாடு புலனாகும்.

நிகழ்ச்சிகள் காட்டும் உண்மை

1958, 1969, 1977, 1999 ஆகிய நான்கு ஆண்டுகளில் தளபதிகள் ஆட்சிக்கு வந்தனர். இவற்றுள் ஒன்றேனும் இந்தியாவுடன் போர் நடந்துகொண்டிருந்த வேளையில் நிகழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1958ஆம் ஆண்டில் பொதுத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. 1969ஆம் ஆண்டில் மக்கள் கிளர்ச்சியின் நடுவே அயூப் கான் ஆட்சியை யாஹ்யா கானிடம் ஒப்படைத்தார். 1977ஆம் ஆண்டில் தேர்தல் முடிவுகளைப் பற்றிய பூசல் நிலவியது. 1999ஆம் ஆண்டில் கார்கில் போரின் கசப்பு பின்னணியில் இருந்தபோதிலும், பிரதமர் நவாஸ் ஷெரீஃப் தளபதி முஷாரஃபைப் பதவிநீக்கம் செய்த அன்றே ஆட்சி கவிழ்ந்தது. ஆக, பகைமை தலையீட்டுக்கு நியாயம் வழங்கியது. தலையீட்டின் வேளையையோ உள்நாட்டு அதிகாரப் போட்டியே தீர்மானித்தது.

சமாதான முயற்சிகளும் இவ்வாறே அமைகின்றன. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் நவாஸ் ஷெரீஃபும் வாஜ்பாயும் லாகூர்ப் பிரகடனத்தில் கையெழுத்திட்டனர். சில மாதங்களில் கார்கில் மோதல் வெடித்தது. அம்மோதலுக்குத் தலைமை தாங்கிய முஷாரஃபே ஆட்சித் தலைவரான பின்னர், 2003ஆம் ஆண்டில் கட்டுப்பாட்டுக் கோட்டில் போர்நிறுத்தத்தை ஏற்றார். 2007 வரை காஷ்மீர் குறித்து மறைமுகப் பேச்சும் நடத்தினார். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் அப்போர்நிறுத்தத்தைப் புதுப்பித்த கூட்டறிக்கையை வெளியிட்டவர்களும் இரு நாட்டு இராணுவ நடவடிக்கைத் தலைவர்களே. மாறாக, 2015ஆம் ஆண்டு டிசம்பரில் பிரதமர் மோடி லாகூருக்குச் சென்று நவாஸ் ஷெரீஃபைச் சந்தித்தார்; அடுத்த சில நாள்களில் பதான்கோட் விமானப்படைத் தளம் தாக்கப்பட்டது. அத்தாக்குதலைத் திட்டமிட்டவர் யார் என்ற வினா ஒருபுறமிருக்க, தாம் தொடங்கிய முயற்சியைக் காக்கும் ஆற்றல் பிரதமருக்கு இருக்கவில்லை என்பது தெளிவு.

பகைமையே மாறாக் கொள்கையாயின் முஷாரஃபின் பேச்சுவார்த்தைக்கு விளக்கம் இல்லை. அது வெறும் தந்திரம் என்று ஃபேரின் வழிநிற்போர் கூறலாம், அதற்கு இடமுண்டு. ஆனால், அவ்வாறு கொண்டாலும் போரையும் சமாதானத்தையும் தீர்மானிக்கும் உரிமையை இராணுவம் தன்னிடமே வைத்துக்கொண்டது என்னும் உண்மை மாறுவதில்லை.

போர் எப்போதும் இராணுவத்திற்கு ஆதாயமாக அமைந்ததில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. 1971ஆம் ஆண்டுத் தோல்வி யாஹ்யா கானின் ஆட்சியை முடித்துப் பூட்டோவிடம் அதிகாரத்தை அளித்தது. அண்மை நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் இம்ரான் கானின் ஆதரவாளர்கள் இராணுவ நிலையங்களையே தாக்கினர். ஈராண்டுகளுக்குப் பின், பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து 2025 மே மாதத்தில் இரு நாடுகளும் நான்கு நாள் மோதின. மோதல் ஓய்ந்த பத்தே நாளில் தளபதி அசிம் முனீர் ஃபீல்டு மார்ஷல் ஆக்கப்பட்டார். அயூப் கானுக்குப் பின் அப்பட்டம் பெற்றவர் அவரே. அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறிய 27ஆவது அரசமைப்புத் திருத்தம் முப்படைகளுக்கும் மேலான தலைமைப் பதவியை உருவாக்கி, அதனைத் தரைப்படைத் தளபதியிடமே அளித்தது. ஆட்சியைக் கவிழ்க்காமலேயே இவை அனைத்தும் நிறைவேறின.

முடிவுரை

மூன்று நூல்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஜலால் தோற்றத்தையும், சித்தீக்கா நலனையும், ஃபேர் நம்பிக்கையையும் விளக்குகின்றனர். இம்மூன்றையும் இணைக்கும் கேள்வி, இராணுவம் பகைமையை விரும்புகிறதா என்பதன்று. அண்டை நாட்டுடன் எவ்வாறு உறவாடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பதே. அவ்வுரிமை தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் இல்லாதவரை, எந்த உடன்பாடும் ஒரு தளபதியின் பதவிக்காலத்தை விஞ்சி நிலைப்பது அரிது. இரு நாடுகளிடமும் அணுவாயுதம் உள்ள நிலையில் இதனை ஏட்டளவிலான வேறுபாடாகக் கொள்ள இயலாது. இத்தலைப்பைக் கற்பிப்போர் பகைமையை ஒரு நாட்டின் இயல்பாகக் காட்டாமல், ஒரு நிறுவனத்தின் கையிலுள்ள முடிவாகக் காட்டுவதே பொருத்தமாகும். இயல்பை மாற்ற வழியில்லை. முடிவெடுப்பவரை மாற்ற வழியுண்டு.