தூண்டில் எழுத்தும் காவிரிக் கரையும்

தூண்டில் தமிழுக்குப் புதிய பொருளல்ல. அகநானூற்றின் 216ஆம் பாட்டில், கயிறு கட்டிய மெல்லிய கோலால் மீன் பிடிக்கும் பாண்மகள் வருகிறாள். வள்ளுவரோ சூது அதிகாரத்தின் முதல் குறளிலேயே தூண்டிலை விழுங்கிய மீனை உவமையாக வைத்துவிட்டார். ஒன்றில் தூண்டில் பிழைப்பு, மற்றதில் எச்சரிக்கை. பொழுது போக்குக்காகத் தூண்டில் போட்டு, அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது வேறு சங்கதி. அந்த வகை எழுத்துக்கு, நாம் வந்து குடியேறியிருக்கும் இந்தக் கன்னட நாடு பெரிய களமாக இருந்திருக்கிறது. அதிலும் சாமராஜநகர் மாவட்டத்தின் ஓரமாக ஓடும் காவிரியும், பக்கத்துக் கபினியும், தெற்கே மோயாறும் இங்கிலாந்து வரை பேர் போனவை. அந்த எழுத்தை ஒருமுறை நின்று மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாமராஜநகர் என்றதும் நம்மவர் சிலர் "அது எங்கேயோ காட்டுப் பக்கம்" என்பார்கள். மைசூர் மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்த மாவட்டம் அது. அதில் சேர்ந்திருக்கும் கொள்ளேகால் பகுதி 1956 வரை சென்னை மாகாணத்தில், கோயமுத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் "கொள்ளேகாலம்" என்று மகரத்தோடு சொல்வது அந்தப் பழைய உறவின் மிச்சம்தான். ஆகவே இது அயலூர்க் கதையல்ல.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துக்கொள்வோம். பொழுதுபோக்குத் தூண்டிலை வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான் என்று பலரும் நினைக்கிறோம். கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், 12ஆம் நூற்றாண்டில் 'மானசோல்லாசம்' என்ற வடமொழிப் பெருநூலைச் செய்தான். அரசனுக்குரிய கேளிக்கைகளைச் சொல்லும் பகுதியில் 'மத்ஸ்யவினோதம்' என்றே ஓர் இயல் உண்டு. எந்த மீன் எங்கே வாழும், எதற்கு எந்த இரை, கோல் எப்படி, கயிறு எப்படி என்று ஒரு ராஜா உட்கார்ந்து எழுதியிருக்கிறான்! இங்கிலாந்தில் ஐசக் வால்டன் தம் புகழ்பெற்ற தூண்டில் நூலை வெளியிட்டது 1653இல். நடுவில் ஐந்நூறு ஆண்டு. மீன் ஆய்வாளர் சுந்தர் லால் ஹோரா இந்த இயலை எடுத்துக்காட்டி 1951இல் ஆசியக் கழக இதழில் எழுதினார். அப்படியும் இன்றுவரை மீன்பிடி நூல்களில் சோமேசுவரனுக்குரிய இடம் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாண சிவில் அதிகாரி, தென் கன்னடத்தில் பணியாற்றியவர். 1873இல் மங்களூரில் அச்சான அவருடைய 'தி ராட் இன் இந்தியா' இத்துறையின் வேதபுத்தகம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல எழுத்துக்காரர். மாசீர் மீனின் உதடு, தொண்டைக்குள் இருக்கும் பல், செதிலின் அகலம், அது நீரோட்டத்தில் நிற்கும் நிலை எல்லாவற்றையும் நேரில் பார்த்தவரின் நிச்சயத்தோடு சொல்லுவார். சம எடையுள்ள சால்மனைக் காட்டிலும் மாசீர் கடுமையாகப் போராடும் என்று அவர் வைத்த வாதம்தான், கப்பலேறி வந்த அதிகாரிகளையெல்லாம் ஆற்றங்கரைக்கு இழுத்தது.

அவரிடம் எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. ஊர்க்காரன் மீனை நஞ்சிட்டு அழிக்கிறான், சிறுகண் வலையால் குஞ்சையும் வாரிவிடுகிறான், சட்டம் வேண்டும் என்று வாதாடியவர் அவர். அந்தக் கவலையில் உண்மை இருந்தது. இவ்வகை வாதங்களின் முடிவாக 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்து, நஞ்சும் வெடியும் தடையாயின. ஆனால் டைனமைட் என்பது 1867இல் நோபல் காப்புரிமை வாங்கிய சரக்கு. நம்ம ஊர் பரிசல்காரர் வீட்டில் வைத்திருந்த பாட்டன் சொத்தல்ல. ஆற்றின் குறுக்கே எழுந்த வேலைகளையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். சிவசமுத்திரத்தில் 1902இல் மின்நிலையம் வந்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. கீழிருந்து மேலேறி முட்டையிடப் போகும் மீனுக்கு எந்த வலையையும்விட அணை பெரிய தடை. பிறகு வந்த தூண்டில் நூல்களில் ஊர்க்காரன் மேல் குற்றம் பக்கக் கணக்கில் இருக்கிறது. அணைக்கு ஒதுக்கிய இடம் அதில் பாதிகூட இராது.

இந்த எழுத்தின் பெரிய நோய் எடை மோகம். 1919இல் ரிவெட்-கார்னாக் என்ற ராணுவ அதிகாரி காவிரியில் 119 பவுண்டு மீன் பிடித்தார். 1946 மார்ச்சில் மைசூர் வான் இங்கன் குடும்பத்து டி வெட் வான் இங்கன் கபினியில் 120 பவுண்டு மீனை ஏற்றினார். ஏறக்குறைய 54 கிலோ, ஓர் ஆள் எடை! புலித்தோலும் மான்தலையும் பதப்படுத்தி உலகெங்கும் அனுப்பிய அதே வான் இங்கன் வீடுதான். அதற்குப் பிறகு எழுதிய எவருக்கும் அந்த 120தான் கனவு. மீன் என்ன தின்றது, எங்கே பிறந்தது என்பதெல்லாம் தராசுக்கு அப்பால் போய்விட்டது.

சுதந்திரத்திற்குப் பிறகு இந்த ஆறு இருக்கிறதே தெரியாமல் போயிருந்த நேரத்தில், 1977-78இல் மூன்று ஆங்கில இளைஞர்கள் வந்து பெரிய மாசீர் இன்னும் இருக்கிறது என்று காட்டினார்கள். பீமேசுவரி, காலிபோர், தொட்டமாகளி என்று அக்கரையில் முகாம்கள் பெருகின. இக்கரை நம் சாமராஜநகர்க் காடு. பருவம் தை தொடங்கிச் சித்திரை வரை. மழைவெள்ளம் வடிந்து ஆறு தெளிந்து, பாறைகள் தலைகாட்டும் காலம். இங்கிலாந்தில் மார்ச் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை ஆற்றில் சாதாரணத் தூண்டிலுக்குச் சட்டப்படி விடுமுறை. அவர்கள் ஆறு சாத்தும்போது நம் ஆறு திறந்திருந்தது, கூட்டம் வராமல் என்ன செய்யும்?

இரை என்ன தெரியுமா? ராகிக் களி. ஆமாம், நாம் கீரைக்குழம்போடு சாப்பிடும் அதே களிதான். வேகவைத்து, பிசைந்து, எலுமிச்சையளவு உருட்டி முள்ளில் பொத்தி வைப்பார்கள். மீன் கடித்தால் நூல் விர்ரென்று போகும். பாறையில் நூல் சிக்கினால் நீரில் குதித்து விடுவிப்பதும், பரிசலைத் திருப்பி மீனின் பின்னால் விடுவதும் உள்ளூர் ஆள். அவர்களில் முன்பு களவாக மீன் பிடித்தவர்களும் உண்டு, முகாம்தான் அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. பிடித்த மீனை நிறுத்துப் படம் எடுத்துத் திரும்ப ஆற்றில் விடுவது வழக்கமாயிற்று. இரவில் மணலில் தீ மூட்டி, யானைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, நாள் முழுதும் நடந்ததைப் பேசித் தீர்ப்பார்கள். இந்தப் பகுதிகளைத்தான் தூண்டில்காரர்கள் உண்மையிலேயே அழகாக எழுதுகிறார்கள். ஜிம் கார்பெட் வடக்கே மாசீரைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் மீனைவிடச் சுற்றுப்புறமே நெஞ்சில் நிற்கும்.

இனி என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். இத்தனை நூல்களிலும் மிகச் சிறந்த எழுத்து எது என்று கேட்டால், ஒரு முகாமின் கணக்கேடு என்பேன். காலிபோரில் அன்றன்று தூண்டில் போட்ட மணி நேரம், கிடைத்த மீன், எடை, தோற்றம் என்று வரிவரியாகப் பதிந்து வைத்தார்கள். நடை இல்லை, அலங்காரம் இல்லை. 1998 முதல் 2012 வரையான அந்த ஏடுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள்.

காவிரியில் இரண்டு மாசீர் ஓடுகிறது. ஒன்று முதுகில் திமில் எழுந்த, இந்த ஆற்றுக்கே உரிய மீன். மற்றது நீலத்துடுப்பு மாசீர், வேறு ஆற்று இனம். 1970களிலிருந்து பொரிப்பகத்தில் வளர்த்து, மீன் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தில் இங்கே விடப்பட்டது. ஏட்டின்படி நீலத்துடுப்பு ஏறிக்கொண்டே போனது. திமில் மீன் குறைந்துகொண்டே வந்தது. அதோடு, கிடைத்த திமில் மீனின் சராசரி எடை கூடிக்கொண்டே போயிற்று. தூண்டில்காரனுக்கு இது கொண்டாட்டம், நினைவுக் குறிப்பில் ஒரு பொன்னான பக்கம். கணக்கேடு சொல்வதோ நேர்மாறு: கிழங்கள் மட்டும் இருக்கின்றன, குஞ்சு இல்லை. குடும்பத்தில் பிள்ளை பிறக்காமல் போன வீட்டில் சராசரி வயது ஏறுவது மாதிரி. எடையை மட்டும் பார்த்த எழுத்தால் இதைக் காணவே முடியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தாமஸ் காலத்திலிருந்து உலகம் புகழ்ந்த இந்தத் திமில் மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் 2018இல்தான் உறுதியாயிற்று. கேரளத்துப் பாம்பாற்றில் கண்டு ஏற்கெனவே பெயரிடப்பட்டிருந்த டோர் ரெமாதேவி என்பதே இது என்று தெரிந்தது. சென்னையில் விலங்கியல் அளவைத் துறையில் பணியாற்றிய மீனறிஞர் ரெமாதேவியின் பெயர். அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவித்தது. நூற்று நாற்பத்தைந்து வருடம் எழுதியும் பெயர் தெரியவில்லை என்றால், அது என்ன எழுத்து?

இதற்குள் 2012ஓடு சரணாலயத்துக்குள் தூண்டில் நின்றுபோனது. வனவிலங்குச் சட்டப்படி அதுவும் வேட்டை என்ற நிலைப்பாடு வந்தது. முகாம் இருந்தவரை வெடி வைப்பவன் அண்டவில்லை என்பது தூண்டில்காரர் கட்சி. நான் அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். காவல் இருந்தது உண்மை. ஆனால் நீலத்துடுப்பை விடும்போது வரவேற்றதும் அதே கூட்டம். ஏடு மூடியதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது. இப்போது அந்த வரிகளை எழுத ஆளில்லை.

எழுத்தில் வராத பக்கமும் ஒன்று உண்டு. அக்கரையில் முகாம் நடந்த அதே வருடங்களில் இக்கரையில் கோபிநத்தம், மாதேசுவரன் மலைப் பக்கத்துத் தமிழ் ஊர்கள் வீரப்பனுக்கும் அதிரடிப்படைக்கும் நடுவே நசுங்கின. 1993இல் பாலாறு கண்ணிவெடி. ஆற்றுக்குப் போய் வருவதே பயம். இரண்டு கரையையும் ஒன்றாக வைத்துப் பார்த்த நூல் என் கண்ணில் படவில்லை. பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் வேட்டைக்காரர்தான், ஆனாலும் பைரா என்ற பூசாரியைப் பேரோடு, சுபாவத்தோடு, நண்பனாக எழுதினார். தூண்டில் எழுத்தில் களி பிசைந்தவர் பெரும்பாலும் புகைப்படத்தின் ஓரத்தில் நிற்கிறார்.

திமில் மீன் முற்றிலும் போய்விடவில்லை. 2018 ஆய்வுக்கு மோயாற்றிலிருந்து மீன் கிடைத்தது. நீலகிரியில் பிறந்து, முதுமலைக்கும் நம் மாவட்டத்துப் பந்திப்பூருக்கும் நடுவே ஆழ்பள்ளத்தில் ஓடிப் பவானிசாகரில் சேரும் ஆறு அது. பழைய மீன் நூல்களில் மாசீருக்குப் 'பூமீன் கெண்டை' என்று ஒரு தமிழ்ப் பெயர் காணப்படுகிறது. கன்னடத்தில் 'பிளி மீனு', வெள்ளை மீன் என்பார்கள். திமிலுள்ளதற்கும் இல்லாததற்கும் தனித்தனிப் பெயர் ஆற்றோரத்து ஆட்களிடம் இருந்திருக்குமே, யாராவது கேட்டார்களா? கொள்ளேகால், ஹனூர், தாளவாடி, சத்தியமங்கலம் பக்கம் வேர் உள்ள குடும்பங்கள் நம் சங்கத்தில் நிறையவே இருக்கின்றன. வீட்டில் தாத்தா, பாட்டி, பெரியப்பா யாராவது இந்த மீனை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு, மலர்க் குழுவுக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். அடுத்த மலருக்குள் நாலு பேர் கிடைத்தாலும் அச்சேற்றிவிடலாம்.