இரவல் கோட்டும் இரவல் முகமும்

பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்து ஸ்டுடியோக்களில் முன்பெல்லாம் ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். டிப்ளமோ முடித்த பையனுக்கும், சிங்கப்பூர் வேலைக்கு மனுப்போடுகிறவருக்கும் அதே கோட்டுதான், அதே டைதான். ஆள் ஒல்லியாக இருந்தால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்குவார்கள். படத்தில் முன்பக்கம் மட்டும்தானே தெரியும்! போட்டோஷாப் வந்ததும் அந்தக் கோட்டு கம்ப்யூட்டருக்குள் போனது. கட்டம் போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தவரின் கழுத்துக்குக் கீழே, கேட்ட நிறத்தில் கோட்டை ஒட்டிக் கொடுத்தார்கள். இன்று ஸ்டுடியோவே செல்போனுக்குள் வந்துவிட்டது. நான்கைந்து செல்ஃபிகளைக் கொடுத்தால் போதும், வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் போடத் தகுந்த ‘ஆபீஸ் படம்’ ஒன்றை ஏஐ செய்து கொடுத்துவிடுகிறது.

இதைப் பொய், பித்தலாட்டம் என்று எடுத்த எடுப்பில் ஒதுக்க முடியாது. படத்துக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்வது நமக்குப் பழகியதுதான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்டத்தின் துணையோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து எண்மமாக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படங்களில் தீட்டிய திரைச்சீலை மாளிகையாகும். படிக்காதவர் கையிலும் புத்தகம் இருக்கும். கைக்கடிகாரம் தெரியும்படி முழங்கையை மடித்து வைத்திருப்பார்கள். பார்க்கிறவருக்கும் அது ஸ்டுடியோ ஜோடனை என்று தெரியும். ஆனால் நடுவில் இருக்கும் முகம் அவருடையதுதான்.

ஏஐயின் விஷயம் இங்கேதான் பிரிகிறது. போட்டோஷாப் உங்கள் படத்தின் மேல் வேலை செய்தது. ஏஐ உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுப் புதிதாக ஒன்றை வரைகிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் ஏஐ 2022 ஆகஸ்டில் எல்லோர் கைக்கும் வந்தது. அதே மாதம் கூகுள் ஆய்வாளர்கள் ட்ரீம்பூத் என்ற உத்தியை வெளியிட்டார்கள். ஒருவரின் மூன்று முதல் ஐந்து படங்களைக் காட்டினால், அந்த முகத்தைக் கற்றுக்கொண்டு எந்த உடையிலும் எந்த இடத்திலும் வரைந்துவிடும். புரொஃபைல் படம் செய்து கொடுக்கும் இணையக் கடைகள் பல இந்த வழியில் முளைத்தவை. 2025 ஆகஸ்டில் கூகுளின் படம் திருத்தும் ஏஐயான ‘நானோ பனானா’ வந்தபின் ஒரே படம் போதும் என்றாகிவிட்டது. மறுமாதமே பழைய சினிமா பாணிச் சேலைப் படங்களால் இன்ஸ்டாகிராம் நிரம்பி வழிந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

நிறைகளை முதலில் பார்த்துவிடலாம். பண்ருட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கும் சுற்று வட்டாரக் கல்லூரிகளிலும் படிப்பவர்களில், வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பலர் உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவர்கள் கையில் இருப்பது கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவிலிருந்து வெட்டிய தலை, அல்லது பைக்கில் சாய்ந்து நிற்கும் படம். சென்னையில் வளர்ந்த பிள்ளைக்குக் கோட்டும் உண்டு, எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆளும் உண்டு. படிப்பில் இல்லாத அந்த இடைவெளியை ஏஐ படம் ஓரளவு அடைக்கிறது. கேமரா முன்னால் விறைத்துப்போகிறவர்களுக்கு, மறுபடி மறுபடி எடுக்கச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். தன் படத்தின் ஃபைல் யாருடைய கம்ப்யூட்டரிலோ கிடக்கிறதே என்ற அச்சம் சிறு நகரத்துப் பெண்களுக்கு எப்போதும் உண்டு. வீட்டிலேயே முடிந்துவிட்டால் அந்த அச்சமும் போயிற்று என்று தோன்றும்.

செலவு மிச்சம் என்ற வாதம் மட்டும் நம்மூரில் எடுபடாது. அமெரிக்காவில் ஒரு போட்டோகிராபரிடம் போனால் நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். அதை மனதில் வைத்து ஏஐ படம் செய்யும் இணையக் கடைகள் இருபது, முப்பது டாலர் விலை வைத்தன. பண்ருட்டியில் அந்தக் காசுக்கு ஒரு குடும்பமே ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். இலவசமாகக் கிடைப்பதிலும் காசுக்குப் பதிலாக முகத்தைக் கொடுக்கிறோம்.

இனிக் குறைகள். ஆன்லைனில் டியூஷன் எடுக்க நினைத்த என் அக்காவுக்காக ஒரு செயலியில் நானே செய்து பார்த்தேன். அவர் பருத்திச் சேலைக்காரர். நெற்றியில் பொட்டு, அதற்கு மேல் ஒரு திருநீற்றுக் கீற்று, மூக்குத்தி. ஒரு படத்தில் மூக்குத்தி பக்கம் மாறியிருந்தது, இன்னொன்றில் காணவே இல்லை. திருநீற்றை வெளிச்சத் தெறிப்பு என்று நினைத்ததோ என்னவோ, துடைத்துவிட்டது. காதோர நரை கருத்துவிட்டது, நிறம் இரண்டு படி ஏறிவிட்டது. கேட்காமலே கோட்டு வந்தது. சேலைதான் வேண்டும் என்று எழுதியபோது, தோளில் தொடங்கிய மடிப்பு எங்கேயும் போய்ச் சேராமல் நின்றது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான்டா இருக்கா. யாருடா இது?”

இது ஒரு செயலியின் கைத்தவறு அல்ல. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவை படித்த பாடம் லயான் என்ற தொகுப்பு. அதன் பெரிய வடிவத்தில் இணையத்திலிருந்து வாரிய 585 கோடி படங்களின் முகவரிகளும் அவற்றோடு இருந்த குறிப்புகளும் உண்டு. அதில் ‘தொழில்முறைப் படம்’ என்ற குறிப்போடு கிடப்பவை பெரும்பாலும் மேலைநாட்டு அலுவலக முகங்களாகவே இருக்கும் என்று ஊகிக்கலாம். 2023இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த ஆசிய அமெரிக்கப் பெண் ஒருவர், தன் படத்தை லிங்க்ட்இன்னுக்கு ஏற்றபடி மாற்றச் சொன்னபோது, ஏஐ அவரை நீலக்கண் வெள்ளைக்காரியாக ஆக்கிக் கொடுத்தது. அதே ஆண்டு ப்ளூம்பெர்க் இதழாளர்கள் ஸ்டேபிள் டிஃப்யூஷனை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வரைய வைத்துப் பார்த்தார்கள். சம்பளம் கூடிய வேலைகளுக்கு வெளுத்த முகங்களும், குறைந்த வேலைகளுக்குக் கறுத்த முகங்களும் வந்தன. அதாவது, நிறத்தை ஏற்றுவது அழகுக்காக மட்டும் நடப்பதில்லை. உத்தியோகத்துக்கு என்று ஒரு நிறம் உண்டு என அந்த எந்திரம் கற்றிருக்கிறது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. நம் ஸ்டுடியோக்களும் வெளுக்க வைத்தவைதான். பவுடர் டப்பா கண்ணாடிப் பக்கத்திலேயே இருக்கும். “கொஞ்சம் கலரா ஆக்கிடுங்கண்ணே” என்று கேட்டவர்களும் நாம்தான். கோடாக் கம்பெனியின் கலர் ஃபிலிம் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்தே சரிபார்க்கப்பட்டது. ஆக, கேமராவும் கள்ளமற்றது அல்ல. வித்தியாசம், அங்கே ஒரு மனிதர் இருந்தார் என்பதில் இருக்கிறது. பக்கத்தில் நின்று “போதும்ணே, மச்சத்தை எடுக்காதீங்க” என்று சொன்னால் அவர் கை நிற்கும். பண்ருட்டி வையாபுரிபட்டினத்தில் கொலு பொம்மை செய்கிறவர்கள் ஒரே அச்சில் எத்தனையோ முகங்களை எடுப்பார்கள். வண்ணம் தீட்டிக் கண் திறக்கும் கையில்தான் ஒவ்வொன்றும் தனியாகும். ஏஐ படத்தில் அச்சு உண்டு, அந்தக் கை இல்லை.

பயன்படும் இடத்தையும் யோசிக்க வேண்டும். நம் பக்கத்தில் போட்டோ அதிகம் தேவைப்படும் இடங்களில் அரசுத் தேர்வும் ஒன்று; அங்கே இது செல்லாது. நீட் போன்ற தேர்வுகளை நடத்தும் தேசியத் தேர்வு முகமை, வெள்ளைப் பின்னணியில் காது தெரிய, முகம் எண்பது விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது. பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. 2024இல் விண்ணப்பிக்கும்போதே நேரடியாகப் படம் பிடிக்கும் முறைக்கு மாறிவிட்டது. தேர்வுக்கூட வாசலில் முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்க்கிறவரிடம் “அது ஏஐ சார்” என்று விளக்க முடியாது. லிங்க்ட்இன்னே கூட, புரொஃபைல் படம் உங்கள் சாயலில் இருக்க வேண்டும் என்றுதான் விதி வைத்திருக்கிறது. நம்மூர் முந்திரி ஏற்றுமதிக்காரர் இணையத்தில் போடும் படத்துக்கும் கணக்கு இதேதான். வாங்குகிறவர் ஒருநாள் குடோனுக்கு வருவார், அல்லது வீடியோ காலில் வருவார். படத்தில் பார்த்தவர் வேறு, எதிரில் இருப்பவர் வேறு என்றால், அடுத்த சந்தேகம் முந்திரியின் தரத்தின் மேல் விழும். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான்.

கொடுத்த படங்கள் எங்கே போகின்றன என்பது இன்னொரு கேள்வி. ஸ்டுடியோ அண்ணனிடம் “அழிச்சிடுங்க” என்று நேரில் போய்ச் சொல்லலாம். எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத கம்பெனியிடம் எப்படிச் சொல்வது? நம் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம். வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்று நிம்மதி அடைந்த பெண்ணின் படம், அவருக்குத் தெரியாமலே ஊரை விட்டுப் போயிருக்கிறது.

ஆகவே என் கணக்கு இது. பின்னணியை மாற்றுவது, வெளிச்சத்தைச் சீராக்குவது, சட்டைக் கசங்கலை நீக்குவது, கோட்டுப் போட்டுக்கொள்வது எல்லாம் பழைய ஸ்டுடியோவின் தொடர்ச்சி, தாராளமாகச் செய்யலாம். நிறம், தாடை, மூக்கு, வயது, தழும்பு, நெற்றியில் இட்டது ஆகியவற்றை எந்திரத்திடம் விடக் கூடாது. வந்த படத்தை நீங்களே பார்த்து முடிவு செய்யாதீர்கள், நம் கண்ணுக்கு ஆசை உண்டு. தினமும் உங்களைப் பார்க்கிற ஒருவரிடம் காட்டுங்கள். அவர் ஒரு நொடி தயங்கினாலும் அந்தப் படம் வேண்டாம். இவ்வளவும் வேண்டாம் என்றால், காலை வெளிச்சம் வரும் ஜன்னலைப் பார்த்து நின்று, நாலைந்தடி தள்ளி நிற்கும் ஒருவரிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகும்; தள்ளி நின்றால் முகம் முகமாக விழும். பெரும்பாலான வேலைகளுக்கு அது போதும்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பொட்டும் சேலையுமாகப் பள்ளி நடத்துகிறவர், வங்கிக் கிளை நடத்துகிறவர், ஒரு மாவட்டத்தையே நடத்துகிறவர் எல்லாம் நம்மிடையே இருக்கிறார்கள். உத்தியோகக் களை என்பது கோட்டில் மட்டும் இல்லை என்று ஏஐக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அப்படிப்பட்ட முகங்கள் அது படித்த குவியலில் குறைவாக இருந்ததுதான். இப்போது நாமும் நம் முகத்தை எடுத்துவிட்டு அது வரைந்ததைப் போட்டுக்கொண்டே போனால், இணையத்திலிருந்து நாளை பாடம் படிக்கப்போகும் எந்திரத்துக்கு அந்தக் குவியல் இன்னும் வெளுத்திருக்கும். பண்ருட்டிப் பிள்ளை ஒருவர் தன் நிறத்தோடும் திருநீற்றோடும் ஒரு நல்ல படம் எடுத்துப் போடுவது அவருக்கு மட்டுமல்ல, அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் உதவும்.