பக்கத்தின் உச்சியில் ஒரு வரி

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாயும் ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் தொடங்கிய ஆலையும் கார்களை உற்பத்தி செய்துவரும் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்பட்டையில் இரும்பும் ரப்பரும் கண்ணுக்குத் தெரியும். எஞ்சினையும் பிரேக்கையும் ஆளும் மின்னணுப் பெட்டிகளுக்குள் ஓடும் நிரல் தெரிவதில்லை. உலகெங்கும் அத்தகைய நிரல்கள் இன்றளவும் பெரும்பாலும் சி மொழியிலேயே எழுதப்படுகின்றன. அம்மொழியின் ஆவண மரபில் ரசித்துப் பார்க்கத்தக்கது, ஒரு செயற்கூற்றைப் பயன்படுத்த எந்தத் தலைப்புக் கோப்பு வேண்டும் என்று கையேட்டுப் பக்கத்தின் உச்சியில் கூறும் ஒற்றை வரி. செயற்கூறு என்பது பெயரிட்டு அழைத்தால் ஒரு வேலையை முடித்துத் தரும் நிரல்துண்டு. தலைப்புக் கோப்பு, அதாவது ஹெடர் ஃபைல், அத்துண்டு எவ்வகை உள்ளீட்டை ஏற்று எவ்வகை விடையைத் தரும் என்பதை, நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு முன்கூட்டியே அறிவிப்பது. பாயிரமில்லாத நூல் நூலாகாது என்றார் நன்னூலார். சி நிரலில் தலைப்புக் கோப்புக்குரிய இடமும் ஏறக்குறைய அதுவே.

எழுத்துகளின் தொடரான சரத்தின் நீளத்தை அளக்கும் ‘ஸ்டிர்லென்’ செயற்கூற்றின் பக்கத்தில், ‘ஸ்டிரிங்.ஹெச்’ கோப்பைச் சேர்க்கும் வரியும் அதன்கீழ்ச் செயற்கூற்றின் அறிவிப்பும் வந்த பிறகே விளக்கம் தொடங்குகிறது. அறிவிப்பில் வரும் ‘சைஸ்_டி’ என்னும் தரவு வகை ‘ஸ்டிடிடெஃப்.ஹெச்’ கோப்புக்கு உரியதாயினும், ‘ஸ்டிரிங்.ஹெச்’ கோப்பும் அதை வரையறுத்தே தீர வேண்டும் என்று சி மொழியின் தரநிலை விதித்திருப்பதால், இரண்டாவது பெயர் அங்கே எழுதப்படுவதில்லை. தேவையானதை எழுதுவதைவிடத் தேவையற்றதை எழுதாமல் விடுவதில்தான் இக்கலையின் நுட்பம் அதிகம்.

வரியைக் கவனியாமல் விட்டவர்கள் பட்ட பாடு பெரிது. 1989ஆம் ஆண்டுத் தரநிலையில், அறிவிக்கப்படாத செயற்கூறு முழு எண்ணையே திருப்பித் தரும் என்று கம்பைலர் தானாக ஊகித்துக்கொள்ள இடமிருந்தது. நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கும் ‘மேலாக்’ செயற்கூற்றை ‘ஸ்டிடிலிப்.ஹெச்’ இன்றி 64 பிட் கணினியில் அழைத்தால், எட்டு பைட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டு, நிரல் வேறெங்கோ போய் எழுதியது. 1999ஆம் ஆண்டுத் தரநிலை அவ்வூகத்தை நீக்கிய பிறகும் ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டது; 2024இல் வெளிவந்த அதன் 14ஆம் பதிப்பே இதை இயல்பாகப் பிழையெனக் கொண்டது.

எனினும் ஆவணம் எழுதுபவருக்கு உண்மையான சோதனை, வரி இல்லாமலும் நிரல் ஓடிவிடும் இடத்தில்தான் இருக்கிறது. லினக்ஸ் கணினியில் ஒரு தலைப்புக் கோப்பு வேறு சிலவற்றையும் உள்ளுக்குள் இழுத்து வருவதால், உரிய கோப்பைச் சேர்க்காத நிரலும் பிழையின்றிக் கம்பைல் ஆகிவிடுகிறது. அதே நிரல் மேசைக் கணினியிலிருந்து மைக்ரோகன்ட்ரோலருக்கான கம்பைலருக்கு மாறும்போது முறிகிறது. அசெம்பிளி லைனில் தொங்கும் செய்முறைத் தாள், போன ஷிப்டில் எந்த போல்ட் தற்செயலாகப் பொருந்தியது என்று சொல்வதில்லை, எந்த போல்ட் பொருந்த வேண்டும் என்றே சொல்கிறது. நல்ல கையேட்டுப் பக்கமும் அப்படியே; ஓடிய நிரலைச் சான்றாகக் கொள்ளாமல் தரநிலையைக் கொள்கிறது.

கோப்புறை உருவாக்கும் ‘எம்கேடிர்அட்’ செயற்கூற்றின் லினக்ஸ் பக்கம் இத்தகைய கவனத்துக்கு அழகிய சான்று. அங்கே ‘எஃப்சிஎன்டிஎல்.ஹெச்’ வரியின் அருகிலேயே, ‘அட்’ எனத் தொடங்கும் மாறிலிகளின் வரையறைக்காக அது தேவை என்ற சிறு குறிப்பும் உண்டு. ஏன் என்று கேட்பதற்குள் விடை வந்துவிடுகிறது. பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாராமல் சரங்களை ஒப்பிடும் ‘ஸ்டிர்கேஸ்கம்ப்’ பக்கத்திலோ, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலைப்படி நிற்பது ‘ஸ்டிரிங்.ஹெச்’ அன்று, ‘ஸ்டிரிங்ஸ்.ஹெச்’. கடைசியில் வரும் அந்த ஒரு ‘எஸ்’ எழுத்தைத் தவறவிடாமல் பதிப்பித்த கைகளைப் பாராட்டத்தான் வேண்டும்.

வாகன நிரலுலகில் இவ்வரிக்கு இன்னொரு பயனும் உண்டு. மோட்டார்த் தொழிலுக்கென 1998இல் பிரிட்டனில் முதலில் வெளியான மிஸ்ரா சி நெறிமுறைகளின் 2012ஆம் பதிப்பு, ‘ஸ்டிடிஐஓ.ஹெச்’ தரும் உள்ளீட்டு வெளியீட்டுச் செயற்கூறுகளை 21.6ஆம் விதியால் விலக்குகிறது. பிரேக் பெட்டிக்கு நிரல் எழுதும் பொறியாளர் ‘பிரின்ட்எஃப்’ பக்கத்தைத் திறந்தால், முறையான விலக்கு பெற்றிருந்தாலன்றி, நீண்டு செல்லும் வடிவக் குறியீடுகளின் விளக்கம் எதையும் படிக்கத் தேவையில்லை. உச்சியிலுள்ள வரியைக் கண்டதுமே பக்கத்தை மூடிவிடலாம்.