வேடரும் மானிடவியற் பயணமும்: ஒரு விமர்சன நோக்கு

அலைகுடிகளாயும் வேட்டுவராயும் வாழ்ந்த மக்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி, அவரிடம் பயணஞ்செய்த ஆய்வாளர் எழுதியதே. எனவே, ஆய்வாளர் எதைக் கண்டார் என்பதற்கு முன்னர், எதைக் காணச் சென்றார் என்ற வினா எழுப்பப்படல் வேண்டும். ஈழத்தைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு முதற்கண் உரிய நூல், சீ. ஜீ. செலிக்மனும் பிரெண்டா செலிக்மனும் 1911 இல் வெளியிட்ட ‘வேடர்’ எனும் ஆங்கில நூலாகும்.

இந்நூலின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. காட்டுக்குகைகளுக்கும் சேனைகளுக்கும் நேரிற் சென்று, உறவுமுறை, தேனெடுத்தல், இறந்தோர் ஆவிகளான ‘யக்கு’ வழிபாடு ஆகியவற்றை அவர்கள் விரிவாகப் பதிவுசெய்தனர். பயணிகளுக்கெனப் பழங்குடிக் கோலம் பூணப் பழகியோரையும் இனங்கண்டனர்.

ஆயின், அவர்கள் தேடியது கலப்புறாத வேடரையே. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் தமிழ் பேசி, மீன்பிடித்து வாழ்ந்த வேடருக்கு ஓர் இயல் ஒதுக்கப்பட்டதெனினும், தமிழரோடு கலந்தோர் என்ற காரணத்தால் அவர்கள் நூலின் ஓரத்திலேயே நின்றுவிட்டனர். வாழ்வதற்காகத் தொழிலையும் மொழியையும் மாற்றிக்கொண்டமை அம்மக்களின் வரலாறு. நூலிலோ அது குறைபாடாகவே கணிக்கப்பட்டது.

குடிசன மதிப்பீட்டில் வேடர் தொகை 1946 இல் 2,361 ஆகவும் 1953 இல் 803 ஆகவும் காணப்பட்டது. ஏழாண்டுகளில் மூவரில் இருவர் மாண்டனர் எனக் கொள்ளல் பொருந்தாது. மாறியது பெரிதும் பெயரே. அநுராதபுர மாவட்டத்து வேடர் கிராமங்களை ஆராய்ந்து ஜேம்ஸ் புரோ 1978 இல் வெளியிட்ட நூல், பயிர்செய்து நிலைத்து வாழ்வோரும் தம்மை வேடரெனக் கொண்டமையைக் காட்டிற்று. இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. மாதுறு ஓயா 1983 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, வேடர் தம் பரம்பரை வேட்டைக்காடுகளை இழந்தனர். எண்ணிக்கையில் மறைக்கப்பட்ட மக்கள் நிலவுரிமை கோருவது எங்ஙனம்?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து எழுதும் நாம் பிறரைக் குறைகூறி அமைதலாகாது. ஊரூராய்ச் சென்ற பாணரை ஆற்றுப்படை நூல்களில் வியந்து கற்கின்றோம். கைலாசபதி 1968 இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்வு, அப்பாணரை உலக வாய்மொழி மரபோடு ஒப்பநோக்கியது. ஏட்டிலுள்ள அலைகுடியிடம் நாம் காட்டும் இவ்வக்கறை, வாகரைப் பகுதியில் எம்மொழியையே பேசி வாழும் வேடர்பாலும் செல்லல் வேண்டும்.

அங்குச் செல்லும் ஆய்வாளர் தூய்மையைத் தேடாது, அம்மக்கள் தம்மை யாரென்று கூறுகின்றனர் எனக் கேட்பாராக. கேட்டெழுதியதைத் தமிழில் அவர்களிடமே மீளக் கொடுப்பாராக. எழுதப்பட்டோர் அதனைப் படித்து மறுக்கவும் கூடுமாயின், அப்பயணம் ஆய்வெனத் தகும்.