கிந்தனாரும் சமயமற்ற மனிதனும்

மானிடம் என்றேனும் சமயமின்றி வாழக்கூடுமோ என்னும் வினாவை மேலை இறையியலார் வாயிலாகவே நாம் பெரிதும் பயின்றுள்ளோம். 1944-இல் சிறையிலிருந்து எழுதிய மடல்களில் போன்ஹோபர் சமயமற்ற கிறிஸ்தவத்தைப் பற்றி வினவியதை நம் மாணவர் அறிவர். அதே பத்தாண்டில் கொங்கு நாட்டுக் கவிஞர் ஒருவர் அவ்வினாவைத் தமிழ் மக்கள்முன் கலையாக வைத்தார் என்பதையோ நாம் போதிய அளவு கருதவில்லை. உடுமலைப்பேட்டைக்கு அருகில் 1899-இல் பிறந்து 1981-இல் மறைந்த உடுமலை நாராயணகவியே அவர். பகுத்தறிவுக் கவிராயர் எனப் போற்றப்பெற்ற அவருடைய ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம், 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனால் நிகழ்த்தப்பெற்றது.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்திற்கு எதிர்ப்பாட்டாகவே இது அமைந்தது. நந்தனார் தில்லையை நாடி ஏங்குகிறார். கிந்தனார் கல்வியை நாடுகிறார். நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுள் ஏற்கப்படுகிறார். கிந்தனாரோ இரயிலேறிப் பட்டணம் சென்று, கற்று, அதிகாரியாகத் திரும்புகிறார். ஒடுக்கப்பட்டவன் தன் உடலை நெருப்பிலிட்டுத் தூய்மை பெறவேண்டும் எனக் கேட்கும் சமயம் எங்ஙனம் கடவுளுடையதாகும் என்பதே நகைச்சுவைக்குள் பொதிந்த வினா. ஆமோஸ் தீர்க்கரின் நூலைப் போதிக்கும் நாம் இதனை நாத்திகம் என ஒதுக்குதல் தகாது.

சமயத்தை மறுத்தவரும் சமயத்தின் கலைவடிவத்தையே நாடினார். ஆகவே சமயமின்றி மனிதன் வாழான் என்று சிலர் வாதிடுவர். இவ்வாதம் வலுவற்றது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அதே வடிவத்தில் நற்செய்தியைப் பாடினார். அதனால் அவர் சைவராகவோ வைணவராகவோ ஆகிவிடவில்லை. வடிவத்தைக் கடன் பெறுவது கலைஞனின் உரிமை.

கிந்தனாரின் உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. கற்றவனாகவும் அதிகாரியாகவும் ஆனபின் கிந்தனாரை ஊர் மதிக்கிறது. ஊரின் உள்ளம் மாறிற்றா? கோயிலின் பிடி தளர்ந்து பள்ளியின் ஒளி பரவினால் சாதி தானே வீழும் என்று கவிராயர் நம்பினார். 2016 மார்ச் 13 அன்று அவர் பெயரோடு இணைந்த அதே உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணம் புரிந்த தலித் இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் பேருந்து நிலையத்தருகே வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பொறியியல் மாணவர். கிந்தனார் நாடிய கல்வியை நாடியவரே. அக்கொலைக்கு வேத நூலோ பூசாரியோ தேவைப்படவில்லை. சாதிப் பெருமை போதுமானதாயிற்று.

இதயம் எதனை முற்றும் சார்ந்து நிற்கிறதோ அதுவே ஒருவனுடைய கடவுள் என்பது லூத்தரின் போதனை. இவ்வளவுகோலால் நோக்கின், மனிதன் கோயிலின்றியும் வழிபாடின்றியும் வாழக்கூடும். அங்ஙனம் வாழ்வோர் பலர். ஆனால் உயிரைப் பலியாகக் கேட்கும் ஒன்றை உள்ளத்தின் பீடத்தில் அமர்த்தியிருப்பவனைச் சமயமற்றவன் என்பது எவ்வாறு? அவனிடம் இறைநம்பிக்கை இருப்பினும் இல்லாவிடினும் அப்பீடம் வெறுமையாக இல்லை.

இத்தீர்ப்பு நம்மையும் விடுவதில்லை. சமயத்தை அவிசுவாசம் எனக் கார்ல் பார்த் கண்டபோது கிறிஸ்தவ சமயத்தையும் உட்படுத்தியே கண்டார். கல்லறைத் தோட்டத்திலும் திருமண ஏற்பாட்டிலும் சாதி பார்க்கும் சபைகள் நம்மிடையே உள்ளன. அச்சபைகளின் ஆயர், மனிதனுக்குச் சமயம் இன்றியமையாதது எனப் பிரசங்கித்தால், எந்தச் சமயம் எனக் கிந்தனார் கேட்பார். அதற்கு நூலறிவால் விடை கூறல் இயலாது. நகர வாசலுக்கு வெளியே பாடுபட்ட ஆண்டவர் நந்தனை எரியச் சொல்லவில்லை. அவருடைய சபை எரிக்கவேண்டியது தன் சாதியையே.